சிடி ஆஞ்சியோ வரை: எனக்கு நடந்த இதயப் பரிசோதனைகள்

படி ஏறும்போது நெஞ்சில் ஓர் இறுக்கம் வந்துகொண்டே இருந்ததால் இதய மருத்துவரைப் பார்த்தேன். ஈசிஜி படுத்து எழுவதற்குள் முடிந்துவிட்டது. எக்கோவுக்கு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஜெல் தடவிய கருவியை விலா இடுக்கில் அழுத்திப் பார்த்தார்கள். கொஞ்சம் உறுத்தும், அவ்வளவுதான். ஒலி அலைதான் என்பதால் கதிர்வீச்சும் கிடையாது.

இரண்டும் நார்மல். ஆனால் ஓய்வில் எடுத்த ஈசிஜி நன்றாக இருப்பதால் மட்டும் ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதனால் டிரெட்மில், அதாவது நடக்கவைத்தபடியே ஈசிஜி எடுப்பது. 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 220-இல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீத நாடித்துடிப்பை எட்டுவதுதான் வழக்கமான இலக்கு. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே சொல்லிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கவே கூடாது.

எனக்கு முடிவு தெளிவாக இல்லை. அடுத்து சிடி ஆஞ்சியோ எழுதினார்கள். ரத்தத்தில் சாயம் ஏற்றி, இதய ரத்தக்குழாய்களை சிடி ஸ்கேனில் படம் எடுப்பதுதான் அது. பயம் வந்தது இங்கேதான். சாயம் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் முன்கூட்டியே கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தார்கள். காபி, டீ வேண்டாம் என்றார்கள். அன்று என் நாடி வேகமாக இருந்தது. மாத்திரை கொடுத்து உட்காரவைத்தார்கள். துடிப்பு 60-ஐ ஒட்டி இறங்கினால்தான் படம் கலங்காமல் வருமாம். பிறகு ரத்தக்குழாய் விரிவதற்கு நாக்கின் அடியில் நைட்ரேட் ஸ்பிரே. ஆண்மைக்குறைவுக்கு சில்டெனாஃபில் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் கூச்சப்படாமல் இதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும்.

சாயம் ஏறியதும் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சூடு பரவியது. சிறுநீர் கழித்துவிட்டோமோ என்றே தோன்றும். செவிலியர் அதை முன்னாடியே சொல்லியிருந்ததால் அசையாமல் படுத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். "மூச்சை இழுத்துப் பிடியுங்கள்" என்று குரல் வந்தது. சில விநாடிகளில் முடிந்தது. அப்புறம் லேசான தலைவலி, நிறையத் தண்ணீர்.

படம் எடுப்பவரிடம் முடிவைக் கேட்காதீர்கள், அவர் முகத்தைப் பார்த்துக் கலங்கவும் வேண்டாம். கதிரியக்க மருத்துவர் பார்த்துத்தான் அறிக்கை வரும். என் அறிக்கையில் ஒரு குழாயில் லேசான கொழுப்புப் படிவு. குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் தேவையில்லை என்று சொல்லி, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தார் மருத்துவர்.