நாக்கடி மாத்திரை: பக்கவிளைவுகளைச் சமாளித்ததில் தெரிந்துகொண்டவை

ஹெராயின் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) போதையிலிருந்து மீள, நாக்கடியில் வைத்துக் கரைக்கக் கொடுப்பது ப்யூப்ரெநார்ஃபின்-நலோக்ஸோன் மாத்திரை. அதில் சேருவது பெரிய பாடு இல்லை. ஓ.பி. சீட்டு, கல்லீரல் டெஸ்ட், ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி டெஸ்ட், கவுன்சலிங் எல்லாம் அதன் பாட்டுக்கு நடந்துவிடும். பாடு அதற்குப் பிறகுதான். வயிறு இறுகும், தூக்கம் போகும், சட்டை நனைய வேர்க்கும். இதை மருந்துக் கவுண்டரில் சொன்னால் கிடைக்கிற ஒரே பதில்: "தண்ணி நிறைய குடிங்க." தண்ணீர் குடித்துத் தீருகிற விஷயமாக இருந்தால் இதை எழுதவே வேண்டாம்.

பக்கவிளைவு தாங்காமல் மாத்திரையை விட்டவர்கள் நிறைய. அப்படி விட்டவர்கள் பழைய பழக்கத்துக்குத் திரும்பும்போது உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். முன்பு சாதாரணமாக ஏற்றிக்கொண்ட அளவே அப்போது மூச்சை நிறுத்திவிடும். வயிற்றுக் கோளாறுதானே என்று டாக்டர்கள் அலட்சியமாகச் சிரிக்கும்போது எரிச்சல் வருவது அதனால்தான்.

முதல் டோஸ் பற்றிச் சுருக்கமாக: வித்ட்ராயல் (போதைப்பொருள் இறங்கும்போது உடம்பு படும் பாடு) நன்றாக ஆரம்பித்த பிறகுதான் வைக்க வேண்டும். ஹெராயின், டபென்டடால் (ஓபியாய்டு வகை வலி மாத்திரை) போன்றவை என்றால் கடைசியாக எடுத்து 12 முதல் 24 மணி நேரம், மெதடோன் (போதை மீட்புக்குக் கொடுக்கும் இன்னொரு ஓபியாய்டு மருந்து) என்றால் அதைவிட அதிகம். கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணில் நீர், உடம்பில் மயிர்க்கூச்செறிவு, விரிந்த கண்மணி எல்லாம் வந்திருக்க வேண்டும். டாக்டர் இதைப் பதினொரு அறிகுறிகள் கொண்ட ஒரு மதிப்பெண் பட்டியலை வைத்துக் கணக்கிடுவார். இந்த மருந்து மூளையில் ஓபியாய்டு உட்காரும் இடத்தை மிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அங்கே ஏற்கெனவே இருப்பதைப் பிடுங்கித் தள்ளிவிடும். அவசரப்பட்டு வைத்தால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். "கடைசியா எப்ப எடுத்தீங்க?" என்ற கேள்விக்கு மட்டும் வெட்கப்பட்டு மணியை மாற்றிச் சொல்லாதீர்கள்.

இனி பக்கவிளைவுகள். எதற்கும் முன்னால் ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். மாத்திரை வைத்த நேரம், தொல்லை வந்த நேரம், இரண்டையும் எழுதுங்கள். வேர்வை, குமட்டல், தூக்கமின்மை, கைகால் குடைச்சல் இவையெல்லாம் மருந்து அதிகமானாலும் வரும், போதாமல் போனாலும் வரும். அடுத்த டோஸ் நெருங்கும் நேரத்தில் வந்து, மாத்திரை வைத்ததும் அடங்கினால் அளவு போதவில்லை. வைத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் வந்து பிறகு குறைந்தால் பக்கவிளைவு. முதலாவதுக்கு டோஸைக் கூட்ட வேண்டும், இரண்டாவதுக்குக் குறைக்கவோ பிரிக்கவோ வேண்டும். நோட்டு இல்லாமல் "ஒரே வேர்வை டாக்டர்" என்று சொன்னால் அவர் எந்தப் பக்கம் போவார் என்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. நேரம் குறித்த இரண்டு பக்கத்தை நீட்டியபோதுதான் என் டோஸ் சரியான திசையில் நகர்ந்தது.

அளவு போதவில்லை என்பவர்களில் பலருக்கு மாத்திரை வைக்கும் விதமே தப்பு. வைக்கும் முன் ஒரு வாய் தண்ணீர் குடித்து வாயை ஈரமாக்க வேண்டும். காய்ந்த வாயில் கரையாது. நாக்கடியில் பக்கவாட்டில் வையுங்கள், இரண்டு என்றால் இரண்டு பக்கமும். 5 முதல் 10 நிமிஷம் பேச்சு இல்லை, விழுங்கல் இல்லை. விழுங்கியது குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய்ப் பெரும்பகுதி அழிந்துவிடும். பல போதை மீட்பு மையங்களில் மாத்திரை வெளியே போய்விடக் கூடாது என்று நர்ஸே பொடித்து நாக்கடியில் போடுவார். பொடி சீக்கிரம் கரையும், ஆனால் எச்சிலும் குபுகுபுவென்று ஊறும். தலையை லேசாக முன்னால் குனிந்து உட்கார்ந்தால் தொண்டைக்குள் இறங்காது. "வாயைத் திறங்க, அடுத்த ஆள் வரட்டும்" என்று இரண்டாவது நிமிஷமே அவசரப்படுத்துகிற நர்ஸ் எல்லா ஊரிலும் உண்டு. கையைக் காட்டி "இருங்க" என்று சைகை செய்யுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பல் விஷயத்தை எந்தக் கவுண்டரிலும் சொல்வதில்லை. நாக்கடியில் கரையும் ப்யூப்ரெநார்ஃபினால் சொத்தை, ஈறு தொற்று, பல் விழுதல் வரை வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022 ஜனவரியில் எச்சரிக்கை விட்டது. முன்பு பல்லில் எந்தக் கோளாறும் இல்லாதவர்களுக்கும் வந்திருக்கிறது. செய்ய வேண்டியது எளிது: மாத்திரை முழுதாகக் கரைந்த பிறகு ஒரு பெரிய மிடறு தண்ணீர் எடுத்து, பல்லிலும் ஈறிலும் படும்படி மெதுவாகச் சுழற்றி, விழுங்குங்கள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரமாவது பிரஷ் படக் கூடாது. காலையிலேயே பல் தேய்த்துவிட்டு மையத்துக்குப் போய்விட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

இப்போது மலச்சிக்கல். தலைவலியும் குமட்டலும் முதல் சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும், தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். மலச்சிக்கல் அப்படியில்லை. குடலிலும் ஓபியாய்டு உட்காரும் இடங்கள் உண்டு; மருந்து அங்கே உட்கார்ந்ததும் குடல் அசைவு மந்தமாகி, மலத்திலுள்ள தண்ணீரெல்லாம் உறிஞ்சப்பட்டுக் கல்லாகிவிடும். உடம்பு மற்றதற்குப் பழகுகிற மாதிரி இதற்குப் பழகாது. மாத்திரை எத்தனை மாதமோ வயிற்று வைத்தியமும் அத்தனை மாதம்.

மெடிக்கல் ஷாப்பில் முதலில் கையில் கொடுப்பது ஈசப்கோல். வேறு மலச்சிக்கலுக்கு நல்லதுதான். இந்த வகைக்கு அதை மட்டும் நம்பக் கூடாது: குடல் அசையாதபோது உமி ஊறி உள்ளேயே அடைத்துக்கொள்ளும், தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்கு இன்னும் மோசம். இதற்கு வேண்டியது இரண்டு வேலை: மலத்தை இளக்க ஒன்று, குடலைத் தள்ள ஒன்று. இளக்க, லாக்டுலோஸ் சிரப் 15 மி.லி.யில் ஆரம்பித்துத் தேவைக்கு 30 வரை, அல்லது பாலிஎத்திலீன் கிளைகால் பவுடர் 17 கிராம் ஒரு டம்ளர் தண்ணீரில். லாக்டுலோஸ் வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் ஆகும், வயிறு உப்பும், காற்றுப் பிரியும்; குடித்த அன்றே ஒன்றும் நடக்கவில்லை என்று பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். தள்ள, பிசகோடில் 5 மி.கி. ஒன்றோ இரண்டோ இரவு படுக்கும் முன், அல்லது சென்னா. பிசகோடில் இரவு போட்டால் காலையில் வேலை செய்யும். அதன் மேலுறை குடலில்தான் கரைய வேண்டும். ஆகவே பொடிக்கக் கூடாது, பாலோடும் ஆன்டாசிடோடும் போடக் கூடாது. பால் குடித்துவிட்டு உடனே போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகிறவர்கள் பலர். அளவை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். சிகிச்சை தொடங்கும் அன்றே கேளுங்கள், கல்லான பிறகு அல்ல.

வீட்டுப் பெரியவர்கள் விளக்கெண்ணெயோடு வருவார்கள். எப்போதாவது ஒருநாள் என்றால் சரி, தினசரி வைத்தியமாக வேண்டாம். மூன்று நாள் போகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் ஓ.பி. வரிசையில் நிற்காமல் நேரே அவசரப் பிரிவு.

தூக்கம் போனால் முதல் வேலை, மாத்திரையைக் காலைக்கு மாற்றச் சொல்வது. தூக்க மாத்திரை பக்கம் போகாதீர்கள். அல்பிரசோலம், டயஸெபாம், குளோனாசெபாம், மதுபானம் இவை எதுவும் ப்யூப்ரெநார்ஃபினோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். தனியாக எடுத்தால் ப்யூப்ரெநார்ஃபின் ஒரு அளவுக்கு மேல் மூச்சை அமுக்காது, அதுதான் அதன் பெரிய பலம். இவற்றோடு சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நரம்பு வலிக்குச் சாதாரணமாக எழுதித் தரும் பிரீகாபலினும் இந்தக் கூட்டத்தில்தான். ஒரு குவாட்டர்தானே என்பவர்களுக்கும் இதே பதில்.

ஆண்மைக் குறைவு பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஓபியாய்டுகள் டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும். மெதடோனில் அதிகம், இதில் குறைவு, ஆனாலும் உண்டு. ரத்தத்தில் அளவு பார்த்துச் சரிசெய்யலாம். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, பஸ் ஸ்டாண்டு சுவரில் விளம்பரம் பார்த்து லேகியம் வாங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். காமினி வித்ராவண ரஸ் என்ற ஆயுர்வேத மாத்திரையில் அபின் ஒரு சேர்மானம். எதிலிருந்து வெளியே வந்தோமோ அதையே வீரியத்துக்கு என்று காசு கொடுத்து வாங்குவது.

பெரிய கோபம் மற்ற டாக்டர்கள் மேல். பல் பிடுங்கப் போன இடத்தில், என்ன மாத்திரை எடுக்கிறேன் என்று சொன்ன பிறகும், சீட்டில் டிரமடால் என்ற ஓபியாய்டு வலி மாத்திரையை எழுதி நீட்டினார் அந்த டாக்டர். ப்யூப்ரெநார்ஃபின் அந்த இடங்களைப் பிடித்துவைத்திருக்கும்போது டிரமடால் வலிக்குச் சரியாகக் கேட்காது. கேட்கவில்லை என்று மேலே மேலே போடத் தோன்றும், பிரச்சினையே அங்கேதான். பாராசிட்டமாலும் ஐப்யூப்ரோஃபெனும் கேட்டு வாங்கி வந்தேன், போதுமாக இருந்தது. பெரிய ஆபரேஷன் என்றால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே பேசச் சொல்லுங்கள். ஒரு நாள் டோஸை மூன்று நான்காகப் பிரித்து வைத்தால் இந்த மருந்தே வலியையும் ஓரளவு பார்த்துக்கொள்ளும். வித்ட்ராயல் ஒரு நாளுக்கு மேல் அடங்கியிருந்தாலும், வலி அடங்கியிருப்பது ஆறிலிருந்து எட்டு மணி நேரம்தான்.

டி.பி. மருந்து தொடங்குகிறவர்கள் இரட்டிப்புக் கவனம். ரிஃபாம்பிசின் ப்யூப்ரெநார்ஃபினைக் கல்லீரலில் வேகமாக உடைத்துத் தள்ளும். போன வாரம் போதுமாக இருந்த டோஸ் இந்த வாரம் போதாது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின், ஃபெனிடாயினும் அப்படியே. கிளாரித்ரோமைசின், கீட்டோகோனசோல் போன்றவை நேரெதிர், அளவைக் கூட்டும். மெதடோன் எடுப்பவர்கள் இதோடு ஈ.சி.ஜி.யும் பார்க்க வேண்டும். இதயத் துடிப்பில் க்யூ.டி. இடைவெளி நீளலாம் என்பதால், குமட்டலுக்கு ஆன்டான்செட்ரானோ டாம்பெரிடோனோ போடும் முன் கேட்டுக்கொள்வது நல்லது. இருமல் சிரப்பில் கோடீன் (அதுவும் ஓபியாய்டுதான்) இருக்கிறதா என்று லேபிளைப் படியுங்கள்.

காகிதம். கல்லீரல் ரிப்போர்ட் ஃபைலில் இல்லை என்று சனிக்கிழமை மதியம் மருந்து கொடுக்க மறுத்தார் கவுண்டரில் இருந்தவர். டெஸ்ட் எடுத்தது அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில். "கொண்டு வாங்க, தர்றேன்." கீழே லேப் பூட்டிவிட்டது. இந்த மாத்திரை வெளியே மருந்துக் கடையில் கிடைக்கிற சரக்கும் அல்ல. இப்படி மாட்டினால் கவுண்டரில் மல்லுக்கட்டாதீர்கள். நேரே டியூட்டி டாக்டரிடம் போய் "இன்றைய டோஸ் மட்டும்" என்று கேளுங்கள். அவர் ஓ.பி. சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்ததும் கவுண்டர் வாய் மூடிக்கொண்டது. அன்றிலிருந்து எல்லா ரிப்போர்ட்டும் போனில் போட்டோவாகவும் பையில் ஜெராக்ஸாகவும் இருக்கிறது. டோஸ் தவறினாலும் ஒரு நாளில் உடைந்துபோக மாட்டீர்கள், மருந்து உடம்பில் நின்று மெதுவாகத்தான் இறங்கும். மறுநாள் இரட்டிப்பாக வைக்காதீர்கள். பல நாள் விட்டுப்போய் நடுவில் வேறு ஏதாவது எடுத்திருந்தால், பழைய டோஸை நீங்களாக வைக்காமல், விட்ட கணக்கைச் சொல்லிப் புதிதாக ஆரம்பியுங்கள்.

வீட்டுக்கு மாத்திரை கொடுக்கும் நிலை வந்தால் பூட்டுள்ள டப்பா வாங்கிவிட்டு வாங்குங்கள். ஒரே மாத்திரை சின்னக் குழந்தையின் மூச்சை அமுக்கப் போதும். வாயில் போட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே 108. தூங்கி எழட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வெளியூர்ப் பயணத்துக்கு லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்: மருந்தின் பொதுப் பெயர், மி.கி., ஒரு நாளைக்கு எத்தனை, கையில் இருக்கும் எண்ணிக்கை, டாக்டரின் பதிவு எண், சீல். ப்யூப்ரெநார்ஃபின் 1985ஆம் ஆண்டு என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வருகிற மருந்து. அட்டையில் இருந்து கிழித்த நாலு மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு செக்போஸ்ட்டில் விளக்கம் சொல்வது வேண்டாத வேலை. மாத்திரை அதன் அட்டையிலேயே இருக்கட்டும். துபாய், அபுதாபிக்கு வேலைக்குப் போகிறவர்கள் அந்நாட்டு முன் அனுமதி இல்லாமல் பெட்டியில் வைக்கவே கூடாது, இங்கே வாங்கிய கடிதம் அங்கே செல்லாது. கடிதத்தை லேமினேட் பண்ணாதீர்கள். டோஸ் மாறும்போதெல்லாம் புதிதாக வாங்க வேண்டும், பழைய மி.கி. எழுதிய கடிதம் இல்லாத சந்தேகத்தையும் கிளப்பிவிடும்.