ஒருவருக்கு இரண்டு டின்கள் மட்டுமே

2017ஆம் ஆண்டு மெல்போர்னின் பாக்ஸ் ஹில் பகுதியில் குடியிருந்தேன். அருகிலிருந்த பேரங்காடியில் குழந்தைகளுக்கான பால்மாவு அடுக்கப்பட்டிருந்த இடத்தில், "ஒருவருக்கு இரண்டு டின்கள் மட்டுமே" என்ற அறிவிப்பைக் கண்டபோது, மாடுகள் நிறைந்த இந்த நாட்டிலா பாலுக்குப் பஞ்சம் என்று வியந்தேன். விடை, இரண்டு தெரு தள்ளியிருந்த பார்சல் கடையில் கிடைத்தது. சீனப் பெண் ஒருவர் மூன்று டின்களை மேசைமேல் கவிழ்த்து, அடியில் அச்சிட்டிருந்த தேதியையும், அதனருகே கடை ரசீதையும் கைபேசியில் படமெடுத்து, சீனாவிலுள்ள வாடிக்கையாளருக்கு அனுப்பிய பின்னரே பெட்டியை ஒட்டவிட்டார். இவர்களைச் சீன மொழியில் 'தைகோ', அதாவது பிறருக்காக வாங்கித் தருபவர், என்பார்கள்.

அந்தப் பெண் விற்றது பாலை அல்ல, ரசீதை என்றே எனக்குத் தோன்றியது. 2008இல் சீனாவில், தண்ணீர் கலந்த பாலில் புரதம் குறைந்தது தெரியாமலிருக்க நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தார்கள். நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிடும் சோதனை அதில் ஏமாந்தது. ஆறு குழந்தைகள் இறந்தன, ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. அதற்குப் பின் உள்நாட்டு டின்னை நம்ப மறுத்த பெற்றோர் ஹாங்காங் கடைகளைக் காலி செய்ததால், 2013 மார்ச்சில் அந்நகர அரசு, எல்லை கடப்பவர் 1.8 கிலோவுக்கு மேல் பால்மாவு கொண்டுசெல்லக் கூடாது என்று சட்டமே போட்டது.

பெட்டியில் போகும் இந்த வணிகத்தைத் தடுப்பதைவிட ஒழுங்குபடுத்துவதே மேல் என்று சீன அரசு கருதியிருக்க வேண்டும். 2014இல் சீன மின்வணிக நிறுவனமான அலிபாபா, வெளிநாட்டு நிறுவனங்கள் நேரடியாக விற்கும் டிமால் குளோபல் தளத்தைத் தொடங்கியது. ஹாங்ஜோ, நிங்போ, ஜெங்ஜோ போன்ற நகரங்களின் சுங்கக் கண்காணிப்புக் கிடங்குகளில் சரக்கு முன்கூட்டியே மொத்தமாக வந்து இறங்கிவிடுகிறது. யாராவது ஆர்டர் கொடுக்கும்போது, ஆர்டர், பணம் செலுத்தியது, அனுப்பீடு ஆகிய மூன்று விவரங்களும் வாங்குபவரின் அடையாள எண்ணோடு ஒத்துப்போனால்தான் பொட்டலம் கிடங்கை விட்டு வெளியேறும். 2019 ஜனவரி 1 முதல் ஒரு கொள்முதலுக்கு 5,000 யுவான், ஆண்டுக்கு 26,000 யுவான் என்ற வரம்புக்குள் இறக்குமதித் தீர்வை கிடையாது. மதிப்புக்கூட்டு வரியிலும் எழுபது விழுக்காடே கட்டினால் போதும். அதே நாளில் நடைமுறைக்கு வந்த மின்வணிகச் சட்டம், தைகோக்களையும் வணிகர்களாகப் பதிவு செய்யச் சொன்னது.

வெளிநாட்டு மோகம் என்று இதை ஒதுக்கிவிடுவோர் உண்டு. 2015 சீனப் புத்தாண்டில் ஜப்பானுக்குப் போனவர்கள் வெந்நீர் பீய்ச்சும் கழிப்பறை இருக்கைகளைச் சுமந்துவந்தபோது, அவற்றுள் சில ஹாங்ஜோவில் செய்யப்பட்டவை என்று செய்தி வந்து ஊரே சிரித்தது. ஆனால் பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதைவிட, எந்த நாட்டுக் கடைக்காகச் சோதிக்கப்பட்டது என்பதையே அவர்கள் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது நிலை மாறிவருகிறது. 2016இல் சீனாவில் 1.75 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. 2023இல் அது 90 லட்சம்தான். பால்மாவுச் சந்தையில் ஃபெய்ஹே என்ற சீன நிறுவனமே முன்னணிக்கு வந்துவிட்டது. அந்தக் கிடங்குகளில் இன்று வைட்டமின் மாத்திரைகளும் முகப்பூச்சுகளும் பூனை உணவுப் பைகளும் ஆர்டருக்குக் காத்திருக்கின்றன.