கை சும்மா இருக்கட்டும், கால் பாடட்டும்

புத்தகத்தில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். கூடத்தில் கிடக்கும் வீணையைத் தாண்டிப் போனாலே பெரியவர்கள் அதட்டுவார்கள். அந்த வளர்ப்போடு லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் குடிவந்து பெடல் ஸ்டீல் கிட்டார் (படுக்கைவாட்டில் நிற்கும், தந்திமேல் எஃகு பாரை நகர்த்தி, பெடலால் சுருதியை மாற்றி வாசிக்கும் கிட்டார்) பழகப் போகிறவருக்கு ஆசிரியர் சொல்லும் முதல் பாடம், "ஷூவோடு இடது காலைப் பெடல்மேல் வை" என்பதுதான். வலது கால் வால்யூம் பெடலில் இருக்கும். இரண்டு முழங்கால்களும் கிட்டாரின் அடியில் தொங்கும் லீவர்களை இடமும் வலமும் தள்ள வேண்டும். உடம்பு ஒரு கணம் கூசிப் பின்வாங்கும். ஸ்பெஷல் நாடக மேடையில் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மட்டும் அந்தக் கூச்சம் சீக்கிரம் தெளியும்.

கூச்சத்தைத் தாண்டி உட்கார்ந்துவிட்டால், இந்த ஊருக்கு வந்ததற்கே ஒரு காரணம் கிடைத்தது போலிருக்கும். கன்ட்ரி என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசையின் தலைநகரம் நாஷ்வில்தான். ஆனால் அதை ராக்கோடு கலந்தது பெரும்பாலும் இந்தக் கலிஃபோர்னியா. பைர்ட்ஸ் என்ற ராக் குழு 1968இல் கொண்டுவந்த கன்ட்ரி ஆல்பத்தில் லாயிட் கிரீனும் ஜேடீ மனெஸும் ஸ்டீல் வாசித்தார்கள். மறு வருஷமே ஃப்ளையிங் புரீட்டோ பிரதர்ஸில் 'ஸ்னீக்கி பீட்' கிளைனோ அதே வாத்தியத்தை ஃபஸ் (ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்கும் கருவி) வழியாகச் செலுத்தி உறுமவைத்தார். போக்கோ குழுவின் ரஸ்டி யங் அதை சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக விட்டு ஆர்கனாக்கினார். பேக்கர்ஸ்ஃபீல்டில் பக் ஓவன்ஸோடு வாசித்த டாம் பிரம்லி பிறகு ரிக் நெல்சனின் குழுவுக்கு வந்தார். காரில் போகும்போது வானொலியில் கேட்கும் அந்த அழுகுரல் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் இந்தப் பெயர்களில்தான் போய் நிற்கும்.

தொடங்குகிறவருக்கு 10 தந்தி, இ9 என்று பெயருள்ள சுருதி அமைப்பு, 3 பெடல், 4 முழங்கால் லீவர் உள்ள ஒற்றைக் கழுத்து கிட்டார் போதும். தந்திகளை, நம்மிடமிருந்து தள்ளி இருப்பதில் தொடங்கி, 1 முதல் 10 வரை எண்ணுவார்கள்: எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், இ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், இ, டி, பி. முதல் இரண்டும் மூன்றாவதைவிடத் தாழ்ந்தவை. வரிசை தப்பிய இந்த ஏற்பாடு முதலில் குழப்பும், பிறகு விரல் தானாகப் போகும். ஏ பெடல் பி தந்திகளைச் சி ஷார்ப்புக்கு ஏற்றும். பி பெடல் ஜி ஷார்ப்பை ஏ ஸ்வரத்துக்கு ஏற்றும். சி பெடல் நான்காம் தந்தியை எஃப் ஷார்ப்புக்கும் ஐந்தாவதைச் சி ஷார்ப்புக்கும் ஏற்றும். இடது முழங்காலை இடப்பக்கம் தள்ளும் லீவர் இ தந்திகளை எஃப்புக்குக் கொண்டுபோகும், அதுதான் எஃப் லீவர். இது பட்டி எம்மன்ஸ் என்ற ஸ்டீல் கலைஞரின் பெயரால் வழங்கும் அமைப்பு. ஜிம்மி டே பெயரால் வழங்கும் அமைப்பில் பெடல் வரிசை தலைகீழ். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், கால் ஒன்றுக்குப் பழகிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதோடு உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைச் செய்வார்கள். இடது கையில் இருக்கும் எஃகு பாரை ஆட்டுவார்கள். நமக்கு ஸ்வரம் என்பது நிற்கிற புள்ளி இல்லை, அசைகிற வழி. சித்ரவீணையில் தந்திமேல் கட்டையை நகர்த்திக் கமகம் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வாத்தியமும் அதுபோலத்தான் தோன்றும். இங்கே அது எடுபடாது. பார் பத்துத் தந்திகளின் மேலும் கிடக்கிறது, அதை அசைத்தால் மொத்தக் கோர்டும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) தள்ளாடும். ஒரே ஒரு தந்தியை மட்டும் அசைத்து மற்றதை நிறுத்தி வைக்கத்தான் இங்கே பெடல் இருக்கிறது.

இப்படிப் பயன்படுவதற்கு முன்பே பெடல்கள் இருந்தன. ஒரு கோர்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற மட்டும் அவற்றைப் பயன்படுத்தினார்கள். 1953 கடைசியில் கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் பாட்டு ஒன்றின் பதிவில், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டீல் வாசித்த பட் ஐசக்ஸ் பெடலை மிதித்தார். பாட்டு மறு வருஷம் வெளிவந்ததும் ஸ்டீல் வாசிப்பவர்கள் அந்த ஒலிக்காகத் தங்கள் கிட்டார்களையே மாற்றியமைக்கத் தொடங்கினார்கள். ஐசக்ஸின் ஒரே பெடல் செய்த வேலையை பட்டி எம்மன்ஸும் ஜிம்மி டேயும் ஏ, பி என்று இரண்டு பெடல்களாகப் பிரித்தார்கள். கன்ட்ரி-ராக் லிக்குகளில் (சின்னச் சின்ன இசைத் துணுக்குகளில்) பாதி அந்தப் பிரிவிலிருந்துதான் பிறக்கிறது. கமகம் கையை விட்டுக் காலுக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டால் நம் காது சட்டென்று சமாதானமாகிவிடும். எனக்கு இந்த வாத்தியத்தில் மிகப் பிடித்ததும் அதுதான். இரண்டு ஸ்வரங்கள் அசையாமல் நிற்க, நடுவில் ஒன்று மட்டும் ஊர்ந்து ஏறுகிறது. ஒற்றைக் குரல் இசையில் ஊறிய நமக்கு இப்படி ஒரு அசைவு கேட்கக் கிடைத்ததே இல்லை.

மிதிப்பதும் தையல் மெஷின் மிதிப்பது போல் இல்லை. குதிகால் தரையில் ஊன்றியிருக்க, பாதம் ஏ, பி இரண்டின் மேலும் கிடக்கும். கணுக்காலை இடப்பக்கம் சாய்த்தால் ஏ மட்டும், வலப்பக்கம் சாய்த்தால் பி மட்டும் இறங்கும். ஏற்றம் எங்கே முடியும் என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். பெடல் அடியில் போய் முட்டினால் சுருதி சரியாகத்தான் வரும். அங்கே போகிற வேகம் மட்டுமே நம் பொறுப்பு. மெட்ரோனோமை 60இல் வையுங்கள். முதல் தட்டில் தந்தியை மீட்டி, இரண்டாம் தட்டில் மிதிக்கத் தொடங்கி, மூன்றாம் தட்டில் போய்ச் சேருங்கள். மீட்டும்போதே மிதித்தால் கோர்டு மாறும், அழுகை வராது. ஷூவின் ஓரம் பெடலில் பாதிதான் பட்டிருந்தால் சி ஷார்ப் எட்டாமல் நின்றுபோகும். வெறுங்காலில் வாசிக்க ஆசை வரும், வீட்டுக்குள் ஷூ போட நமக்கு மனசு வராது. ஆனால் பெடலின் உலோக விளிம்பு பாதத்தை அறுக்கும், கோணமும் மாறிவிடும். மெல்லிய அடியுள்ள, குறுகலான ஒரு ஜோடியை வெளியே போடாமல் இதற்கென்றே வைத்துக்கொள்வது நல்லது. நம் வழக்கமும் கெடாது.

இனி லிக்குகள். எல்லாம் ஜி மேஜரில். மூன்றாம் ஃபிரெட்டில் பாரை நேராக வையுங்கள். ஃபிரெட் கோடு வெறும் வரைந்த கோடுதான், தந்தி அதைத் தொடாது. கண் சரியாக மேலிருந்து பார்க்கவில்லை என்றால் சுருதி பிசகும். ஏ, பி இரண்டையும் மிதித்தபடி 6, 5, 4 தந்திகளைக் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரலால் சேர்த்து மீட்டினால் சி மேஜர். முதலில் பி பெடலை விடுங்கள், சி ஸ்வரம் பி ஸ்வரத்துக்கு இறங்கும். பிறகு ஏ பெடலை மெதுவாக விட்டால் ஜி மேஜரில் வந்து அமரும். இரண்டையும் ஒன்றாக விடாமல் இப்படி ஒன்றன்பின் ஒன்றாக விடுவதில்தான் அந்தப் பெருமூச்சு இருக்கிறது.

அடுத்தது அதே மூன்று தந்திகளில் அதே ஜி கோர்டை மூன்று இடங்களில் பிடிப்பது: 3ஆம் ஃபிரெட்டில் எதையும் மிதிக்காமல், 6இல் ஏ பெடலும் எஃப் லீவரும் சேர்ந்து, 10இல் ஏ, பி இரண்டும். கணுக்கால் ஏ பக்கம் சாயும்போதே முழங்காலும் இடப்பக்கம் போகும், அதனால் ஆறாம் ஃபிரெட் சேர்க்கை உடம்புக்கு இயல்பாக வரும். பாரும் காலும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். கை முந்தினால் நடுவில் ஒரு அந்நிய கோர்டு எட்டிப்பார்க்கும்.

மூன்றாவது, 3, 5 தந்திகளை மட்டும் சேர்த்து மேலே ஏறுவது. 3ஆம் ஃபிரெட் மிதிக்காமல், 3 ஏ-பி, 5 ஏ-பி, 8 மிதிக்காமல், 10 மிதிக்காமல், 10 ஏ-பி. ஜி-யை ஸட்ஜமாக வைத்துக் கேட்டால் மேல் தந்தியில் க ம ப த நி ஸ, கீழ்த் தந்தியில் ப த நி ஸ ரி க. சங்கராபரணம் இரண்டு குரலில் ஏறுகிறது! கன்ட்ரி-ராக் பாடல்களின் இடைவெளிகளை நிரப்பும் வேகமான ஓட்டங்களில் பல இதன் துண்டுகள்தான். ஒவ்வொரு ஜோடிக்கும் பின் வலது உள்ளங்கையின் விளிம்பைத் தந்திகளில் பதித்து ஒலியை அடக்க வேண்டும். இல்லாவிட்டால் பார் நகரும் இழுவை எல்லாம் வெளியே கேட்கும். மீட்டுவதைவிட அடக்குவதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.

கை அடங்கிவிட்டது, பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளும் நேரத்தில் டிசம்பர் வரும். தெருவெல்லாம் கிறிஸ்துமஸ் விளக்கு மாட்டியிருக்க, மனசு மயிலாப்பூர் சபாவில், திரை விலகுமுன் கேட்கும் தம்புராவில் போய் உட்கார்ந்துவிடும். பார் தானாக ஐந்தாம் தந்தியில் தோடியின் காந்தாரத்தைத் தேடும். தேடட்டும். ஒற்றைத் தந்தியில், பெடல் தொடாமல், கொஞ்ச நேரம் அதை வாசித்தால் பாருக்கும் நல்ல பயிற்சி.

தம்புரா கேட்ட காதுக்கு இங்கே ஒரு பெரிய லாபமும் உண்டு. பெடல் ஸ்டீலை ட்யூனர் காட்டும் நடுக்கோட்டில் அப்படியே சேர்த்தால் கோர்டு நடுங்கும். தம்புராவின் மந்தர தந்தியில் தானாக எழும் அந்தர காந்தாரம், கீபோர்டின் காந்தாரத்தைவிட 14 சென்ட் தாழ்ந்தது (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவில் 100 சென்ட்). ஸ்டீல் வாசிப்பவர்களில் பலர் சேர்ப்பதும் அதைத்தான். இ தந்திகளை ட்யூனரின் நடுக்கோட்டில் வைத்தால் பி 2 சென்ட் ஏற்றம், ஜி ஷார்ப் 14 சென்ட் இறக்கம். பெடல் மிதித்தபின் ஏ 2 சென்ட், சி ஷார்ப் 16 சென்ட் இறக்கம். திறந்த தந்திகளை முதலில் முறுக்காணியில் சேர்த்துவிட்டு, பெடல் ஸ்வரங்களை வலது முனையில் இருக்கும் நைலான் நட்டுகளில் திருகிச் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் திரும்பவும் முதலிலிருந்து. பேஸ், கீபோர்டோடு வாசிக்கும்போது இப்படித் தாழ்ந்த காந்தாரம் தனித்துத் தெரியும் என்பதால் பலர் மொத்தத்தையும் வழக்கமான ஏ 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 442 அளவுக்கு உயர்த்திக்கொள்வார்கள். இரண்டு பெடல்களையும் மிதிக்கும்போது கிட்டாரின் உடல் லேசாக வளைந்து இ தந்திகள் சற்று இறங்குவதும் இயல்பு. கிட்டார் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

அறுகிற தந்தி பெரும்பாலும் மூன்றாவதுதான். 0.011 அங்குலத் தடிமன், 24 அங்குல நீளத்தில் ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-க்கு ஒவ்வொரு மிதிக்கும் இழுபடுகிறது. பாலத்தின் வளைவில் மடங்கி மடங்கி அங்கேயே அறும். முழு செட்டோடு இந்த ஒரு தந்தியை மட்டும் தனியாகச் சில வாங்கி வையுங்கள். அப்பார்ட்மென்டில் கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்பது கிட்டாரில்லை, பெடல் தரையில் தட்டும் சத்தம்தான். அடியில் கனமான கம்பளம் போட்டு, ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளலாம். சரஸ்வதி பூஜையன்று கிட்டாரை உறைக்குள் போடாமல் கொலுவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, முறுக்காணிப் பக்கம் மரத்தில் சந்தனம் குங்குமம் வையுங்கள். தந்தியில் பட்டால் துரு ஏறும்.

ஸ்னீக்கி பீட்டின் லிக்குகளை இ9இல் தேடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் வாசித்தது எட்டுத் தந்தி ஃபெண்டர், பி6 சுருதியில். ஆகவே ஸ்வரத்துக்கு ஸ்வரம் விரல் பொருந்தாது, அந்த உறுமலைத்தான் நாம் எடுத்துக்கொள்ள முடியும். அதற்கு நேரான வழி சி பெடல். 13ஆம் ஃபிரெட்டில் 1, 4 தந்திகளைச் சேர்த்து மீட்டினால் ஜி-யும் எஃப்-உம் உரசும். சி பெடலை மிதிக்க, எஃப் ஏறி ஜி-யோடு ஒன்றாகும். ஃபஸ் போட்டுக் கேட்டால் இரண்டும் சேரும் நொடியில் அதிர்வு அடங்குவது தெளிவாகக் கேட்கும், அதை வைத்தே சி பெடலின் நட்டைச் சரிபார்க்கலாம். ஃபஸ்ஸில் ஒரு சமயத்தில் இரண்டு தந்திக்கு மேல் வேண்டாம், மூன்றாவது சேர்ந்தால் ஒலி சேறாகிவிடும். சி பெடல் ஐந்தாம் தந்தியையும் இழுக்கும் என்பதால் அதை உள்ளங்கையால் அடக்கியே வைத்திருங்கள். ஜி, சி, டி மூன்றிலும் ஓடும் பாட்டு என்றால் இதே லிக்கை 13, 6, 8 ஃபிரெட்டுகளில் வாசிக்கலாம்.