திருவலத்தில் திரும்பி நிற்கும் நந்தி

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு. வேலூர்க்காரர்கள் தங்கள் ஊரைத் தாங்களே கிண்டல் செய்ய வைத்திருக்கும் பட்டியல் இது. இதில் நடுவிலுள்ளது 1981 மார்ச்சில் அடிபட்டுப் போனது. பல தலைமுறைகளாக மூலவர் இல்லாமல் கிடந்த கோட்டைக் கோயிலுக்கு, சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேஸ்வரரை ஊரே திரண்டு கொண்டுவந்து வைத்தது. கோட்டைக்கு இனி ராஜா வந்தால் நமக்குத்தான் தொல்லை, அதை விட்டுவிடலாம். மூன்றாவதுதான் அப்படியே இருக்கிறது.

போன சித்திரையில் ஒரு பிரதோஷத்தன்று அம்மா திருவலம் போக வேண்டும் என்றாள். முட்டி வலி, நல்ல வெயில் வேறு. "மழை விழட்டும், போகலாம்" என்றேன். "நந்தி இன்னா மழைக்காலத்துல மட்டுமா உக்காந்துனு இருக்குது?" என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். சரி, கிளம்பினோம்.

காட்பாடி போகும் வழியில் பாலாற்றுப் பாலம். பஸ்ஸில் ஒருவர்கூட ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? மணல் போன பள்ளம், சீமைக் கருவேலம், ஓரமாகக் கொட்டிய கட்டிட இடிபாடு. நந்தி மலையில் பிறந்து, கர்நாடகத்தையும் ஆந்திராவையும் கடந்து, தமிழ்நாட்டில் மட்டும் 222 கிலோமீட்டர் ஓடி வயலூரில் கடலில் சேரும் ஆறு இது. 'ஓடி' என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான்.

அம்மாவின் தாய் வீடு பாலாற்றங்கரை. அவள் சின்ன வயதில் குடிதண்ணீர் என்றால் ஆற்று ஊற்றுதான். மணலில் முழங்கை ஆழம் கையாலேயே பறித்தால் போதும், நீர் சுரக்கும். முதலில் வரும் கலங்கலைக் கொட்டாங்குச்சியால் இறைத்துக் கொட்டிவிட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். தெளிந்த பிறகு மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். பக்கத்து ஊற்றில் வேறு வீட்டுப் பெண்கள். சண்டை, கல்யாணப் பேச்சு, நாத்தனார் குறை எல்லாம் அங்கேதான் நடக்கும். மேலே தண்ணீர் ஓடாத மாதங்களிலும் ஆறு இப்படித்தான் ஊருக்குச் சோறு போட்டது. பாலாறு மேலே நடப்பதைவிடக் கீழே நடக்கும் ஆறு. அந்த மணல்தான் அதன் பானை. லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனது மணலை என்று நினைத்தோம், பானையையே தூக்கிக் கொடுத்திருக்கிறோம்.

திருவலத்தில் இறங்கியதும் கோயிலுக்குள் நுழையாமல் முதலில் ஆற்றைப் பார்க்கப் போனேன். அம்மா ஒரு கடை நிழலில் உட்கார்ந்துகொண்டாள். இது பாலாறு இல்லை. சித்தூர்ப் பக்கமிருந்து வந்து, இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பாலாற்றில் கலக்கும் பொன்னையாறு. இதற்கு இன்னொரு பெயர் நீவா. அந்தப் பெயருக்கு ஒரு கதை இருக்கிறது, இந்தக் கோயிலின் கதையும் அதுதான்.

இங்குள்ள சிவன் வில்வநாதருக்கு அபிஷேகம் செய்ய நாள்தோறும் குருக்கள் ஒருவர் கஞ்சனகிரி மலைக்குப் போய்த் தண்ணீர் எடுத்துவருவாராம். மலையில் இருந்த கஞ்சன் என்ற அசுரன் அவரை வழிமறித்துத் தொல்லை கொடுத்தான். குருக்கள் சாமியிடம் முறையிட்டார். சாமி நந்தியை அனுப்பினார். நந்தி போய்க் கஞ்சனைக் கொம்பால் கிழித்துப் போட்டது. அவன் உடம்பின் துண்டுகள் விழுந்த இடங்கள்தான் சுற்றியுள்ள ஊர்கள் என்பார்கள். நெற்றி, அதாவது லலாடம் விழுந்தது லாலாப்பேட்டை. சிரசு விழுந்தது சீக்கராஜபுரம். கால்கள் விழுந்தவை வடகால், தெங்கால். வயதான குருக்கள் இனியும் மலைக்கு அலைய வேண்டாம் என்று, சாமி தண்ணீரையே பார்த்து "நீ வா" என்றாராம். வந்தது. அதுதான் நீவா. கஞ்சன் மறுபடி வந்துவிடக் கூடாதே என்று நந்தி அன்றிலிருந்து சாமிக்கு முதுகைக் காட்டி மலைப்பக்கம் பார்த்தபடி காவல் இருக்கிறது.

பெயர்களுக்கு மொழியறிஞர்கள் வேறு விளக்கம் தருவார்கள், தரட்டும். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, அதிலிருக்கும் பிரச்சினை தண்ணீர்ப் பிரச்சினை என்பதுதான். தங்கமோ ராஜ்ஜியமோ இல்லை, ஒரு குடம் தண்ணீர். அதை ஒருவன் தடுக்கிறான். எங்கள் வட ஆற்காட்டில் சாமிக்கும் அசுரனுக்கும் சண்டை வர இது போதும். வேலூரில் புற்றிலிருந்த லிங்கத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றதால்தான் ஜலகண்டேஸ்வரர் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். சோளிங்கர்ப் பக்கம் மகேந்திரவாடியில் மகேந்திரவர்மன் ஒற்றைப் பாறையில் விஷ்ணுவுக்குக் கோயில் குடைந்தான். மகேந்திர தடாகத்தின் கரையில் இதைக் குடைந்தேன் என்று கல்வெட்டிலும் எழுதிவைத்தான். ராஜா பெயர் ஊருக்கு, கோயிலுக்கு, ஏரிக்கு. மூன்றையும் அவன் ஒரே மூச்சில்தான் சொல்கிறான். ஏரி இல்லாமல் கோயிலை நினைத்துப் பார்க்க அவர்களால் முடியவில்லை போல.

ஆற்றின் நடுவில் வாய்க்கால் அளவுக்கு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. நிறம் பற்றிச் சொல்ல வேண்டாம். வெள்ளைக்காரர் காலத்து இரும்புப் பாலத்தின் தூண்களில், ஒரு காலத்தில் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று தேடிப் பார்த்தேன். 2021 நவம்பரில் ஆந்திராவில் கலவகுண்டா அணையைத் திறந்துவிட, இதே ஆறு இரு கரையும் தட்டிக்கொண்டு போனது. அந்த மழையில் வேலூர்க் கோட்டைக் கோயிலுக்குள்ளும் தண்ணீர் புகுந்து நின்றது. அடுத்த மாதமே திருவலம் பக்கத்து ரயில் பாலத்தில் விரிசல் கண்டு, சென்னை–காட்பாடி ரயில்கள் பலவற்றை நிறுத்தினார்கள். பத்து வருடம் ஆறே இல்லை என்று நினைத்துப் பழகியிருந்தோம். அதுவோ ஒரு வாரத்துக்கு வந்து தன் அளவை எடுத்துக் காட்டிவிட்டுப் போனது.

கோயில் வாசலில் செருப்பை விட்டபோது கண்ணில் பட்டது: என்னுடையது ஆம்பூர்த் தோல். என் மாமா ஒருவர் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்துத்தான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். ஆகவே இந்த விஷயத்தில் நான் பேசினால் கொஞ்சம் தடுமாறித்தான் பேசுவேன். முன்பு ஆவாரம் பட்டையில் பதனிட்டார்கள், பிறகு குரோமியம் வந்தது. கிணறுகள் கெட்டன. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில்தான் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம் என்று சொன்னது. நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் எடுத்துக்காட்டும் தீர்ப்பு எங்கள் பாலாற்றுத் தீர்ப்பு. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. நடுவில் ஓடியவை 28 வருடங்கள். ராணிப்பேட்டை சிப்காட்டில், மூடிப்போன ஆலை ஒன்றின் குரோமியக் கழிவு மலைபோலக் குவிந்து கிடக்கிறது. மழை பெய்தால் மஞ்சளாக வழியும். கஞ்சனின் சிரசு விழுந்த சீக்கராஜபுரத்திலிருந்து அது ஒன்றும் தூரமில்லை. கதை சொன்னவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லைதான்.

உள்ளே போனோம். பழைய கல்வெட்டுகள் இந்த ஊரைத் தீக்காலிவல்லம் என்கின்றன. வாணர்கள், பல்லவர், சோழர் என்று எல்லாருடைய எழுத்தும் இங்கே இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம். அவர் பதிகத்தின் முதல் பாட்டிலேயே கங்கையைத் தாழ்சடையில் தாங்கியவன் வந்துவிடுகிறான். மாங்கனிக்காகப் பிள்ளையார் அப்பா அம்மாவை வலம் வந்தது இங்கேதான் என்பதும் ஒரு நம்பிக்கை. இங்குள்ள பிள்ளையார் தும்பிக்கையில் பழத்தோடு இருக்கிறார். அம்மா அவர் முன் அவசரமாக மூன்று தோப்புக்கரணம் போட்டாள். முட்டி வலி என்று சொன்னவள்தான்.

நந்தியைப் பார்க்கத்தான் வந்தோம். மற்றக் கோயில்களில் பிரதோஷ நேரத்தில் நந்தியின் இரண்டு கொம்புகளுக்கு நடுவே சாமியைப் பார்ப்போம். இங்கே அந்த வழக்கப்படி பின்னால் நின்று பார்த்தால் கொம்புகளுக்கு நடுவே தெரிவது வாசலும் வெளிச்சமும்தான். முதல் தடவை வருகிறவர்கள் தடுமாறிப்போய் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "அவரு வேலையா இருக்காரு, நீங்க சாமியைப் பாருங்க" என்றார். அதற்கப்புறம் நந்தியை வெறும் சிலையாகப் பார்க்க முடியவில்லை. காது விடைத்துக் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் உழவு மாடு போலவே இருந்தது.

அபிஷேகம் தொடங்கியது. பால், தயிர், இளநீர், ஒவ்வொன்றுக்கும் நடுவே குடம் குடமாகத் தண்ணீர். கல்லின் மடிப்புகளில் வழிந்து, முன்னங்கால் இடுக்கில் ஒரு நிமிடம் தேங்கி, தரையில் ஓடியது. இந்தத் தண்ணீர் இன்று எங்கிருந்து வருகிறது என்று குருக்களைக் கேட்க வாயெடுத்தேன். தீபாராதனை மணி அடித்துவிட்டார்கள். கேட்காமல் விட்டதும் நல்லதுதான். அவர் ஏதாவது ஒரு பதிலைச் சொல்லியிருப்பார், எனக்குத்தான் சங்கடமாகியிருக்கும்.

காப்பரிசி வாங்கிக்கொண்டு கூட்டம் கலைந்தது. அம்மா மட்டும் போகவில்லை. அருகம்புல் மாலையை ஒதுக்கிவிட்டு, நந்தியின் காதருகே கையைக் குவித்து ஏதோ சொன்னாள். இரண்டு காதிலும் சொன்னாள். தங்கச்சிக்குக் குழந்தை, என் வீட்டுக் கடன், அவள் முட்டி, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

வெளியே வந்து செருப்பைப் போடும்போது கேட்டேன், "இன்னாம்மா வேண்டிக்கினே?"

"ஒண்ணும் வேண்டல. அந்தப் பக்கமே பாத்துனு இரு, திரும்பிடாதேன்னு சொன்னேன்."

ராணிப்பேட்டையிலிருந்து வந்த பஸ் தூரத்தில் ஹாரன் அடித்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள்.