கூத்துக்கு புள்ளைய தூக்கிட்டுப் போன கதை

பாட்டு கிளாஸ், டான்ஸ் கிளாஸ்னு சேர்க்கறதுக்கு முன்னாடி புள்ளைங்கள ஒரு தடவ தெருக்கூத்துக்கு கூட்டிட்டுப் போங்க. சித்திரையில செய்யாறு பக்கம் மாமியார் ஊருக்குப் போனப்போ 6 வயசு மகள தூக்கிட்டுப் போனேன், கூத்து ஆரம்பிக்கவே ராத்திரி 10 மணிக்கு மேல ஆகும், விடிய விடிய நடக்கும், பாதியில தூங்கிடுவான்னுதான் நெனச்சேன். ஆனா முதல்லயே வேஷம் கட்டற எடத்த காட்டிட்டேன், அரிதாரம் பூசி, தோள்ல புஜக்கட்டைங்கற மர நகைய கட்டி, கிரீடத்த இறுக்கி முடிச்சு போடறத பாத்தவ வாய மூடல. "கல்யாண முருங்கை மரம் பாப்பா, வெயிட்டே இருக்காது"ன்னு ஒரு பெரியவர் அதுல ஒண்ண அவ கையிலயே குடுத்தார். அப்புறம் ரெண்டு பேர் திரைய புடிக்க, பின்னாடி துரியோதனன் சலங்கை சத்தம் மட்டும் கேக்குது, இவ என் கழுத்த நெறிக்கிறா. கூத்துல கோமாளியா வர்ற கட்டியக்காரன் வந்து அடிச்ச கூத்துல பயமெல்லாம் போச்சு. இப்ப வீட்ல பெட்ஷீட்டுதான் திரை, நாந்தான் புடிக்கணுமாம், கை வலிக்குது.