போனட் போச்சு, கதவு தப்பிச்சது

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய பத்மினி காரின் இடது முன்கதவில் பெயிண்ட் முழுக்க உரிந்து தகரம் தெரிய வந்துவிட்டது. ஒரு இடத்தில்கூட நெளிவு இல்லை, சூட்டில் நீலம் பாயவில்லை. உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவினால் வழவழ என்று போகிறது. நாலு மாதத்தில் முதல் தடவையாக வேலையை முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே குளிக்கப் போனேன். ஆனால் இதை எழுத வைத்தது அந்தக் கதவு இல்லை, அதற்கு முன்னால் நான் கெடுத்து வைத்த போனட்.

வண்டி 1986 மாடல். மேலே வெள்ளை, அதற்குக் கீழே மெரூன், அதற்கும் கீழே ஒரு மங்கின கிரீம், அப்புறம் ரெட் ஆக்சைடு. தின்னர் நனைத்த பனியன் வேஸ்ட்டால் தேய்த்துப் பார்த்ததில் மேல் வெள்ளை அசையவில்லை, அது தின்னருக்குக் கரையாத பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட். மெரூன் மட்டும் துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது, அது டக்கோ, தின்னரில் கரைகிற பழைய வகை பெயிண்ட். இந்த ஒரு விஷயத்தை அன்றைக்கே யோசித்திருந்தால் பாதி செலவு மிஞ்சியிருக்கும், ஏனென்றால் டக்கோ சூட்டுக்கு இளகும், இளகினால் டிஸ்க்கில் அப்பிக்கொள்ளும்.

சித்திரையில் ஆரம்பித்தேன். கையில் இருந்தது எல்லார் வீட்டிலும் இருக்கிற 4 இஞ்ச் கிரைண்டர், அதில் 40 நம்பர் ஃபிளாப் டிஸ்க், சொரசொரப்பான உப்புத்தாளை அடுக்கடுக்காக ஒட்டின வட்டு. பெயிண்ட் பறந்ததே பறந்தது. பத்து நிமிஷத்தில் போனட்டில் ஒரு கால்வாசி வெளுத்துவிட்டது, நமக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தை மாடியில் கூழ்வத்தல் காயப் போட்டிருந்ததை நான் பார்க்கவில்லை. அந்தக் கதை வேண்டாம், ரெண்டு படி அரிசிக்கான காசைக் கொடுத்துக் காலில் விழாத குறை. சாயங்காலம் போனட் ஆறினதும் நடுவில் பெருவிரலால் அமுக்கினால் ‘டொக்’ என்று உள்ளே போகிறது, விட்டால் ‘டொக்’ என்று வெளியே வருகிறது, எண்ணெய் டின் மூடி மாதிரி. ஒரு ஓரத்தில் நீலமாகவே மாறியிருந்தது. இரும்பு அந்த நிறத்துக்கு வரவேண்டுமானால் சூடு 300 டிகிரிப் பக்கம் போயிருக்க வேண்டும்.

திருநெல்வேலி மேலப்பாளையத்தில் ஒரு பாய், பழைய வண்டிகளுக்கு டிங்கரிங் பார்ப்பவர், வந்து பார்த்தார். "தம்பி, இத அடுப்புல வச்சு எடுத்தியளா?" என்று கேட்டார். அப்புறம் கேஸ் வைத்து ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவக்கவைத்து, மரச்சுத்தியால் ரெண்டு தட்டு, உடனே ஈரத்துணி, ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். இப்படி ஏழெட்டு இடம். டொக் சத்தம் பாதி நின்றது, அலை போகவில்லை. பட்டி போட்டு மறைக்கலாம் என்கிறார், எனக்குத்தான் மனசு வரவில்லை.

அதற்கப்புறம் ஒரு மாதம் வண்டியைத் தொடவில்லை, கணக்குப் போட்டேன். 4 இஞ்ச் டிஸ்க் 11,000 ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு அத்தனை சுற்று) சுற்றினால் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதை 1 மில்லிமீட்டர்கூட வராத தகரத்தில் வைத்து அமுக்கினால் அது என்ன செய்யும், பாவம். கிரைண்டர் வெட்டுவதற்கும் வெல்டிங்கைத் தேய்ப்பதற்கும் செய்த மெஷின், அதற்கு வேகம்தான் வேலை. நமக்கு வேண்டியது மெதுவாகச் சுற்றிக்கொண்டே இழுவை குறையாத ஒன்று.

இங்கேதான் ரெண்டாவது முட்டாள்தனம். புது மெஷின் எதற்கு என்று ஆன்லைனில் ஒரு எஸ்சிஆர் டிம்மர் பெட்டி வாங்கி, இருக்கிற கிரைண்டரையே அதில் மாட்டினேன். சும்மா சுற்றும்போது அழகாக மெதுவாகச் சுற்றும். தகரத்தில் வைத்த உடனே முக்கி நின்றுவிடும், திருகைக் கூட்டினால் திடீரென்று பாயும். பெட்டிக்கு மெஷின் மேல் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று தெரியாது, வோல்ட்டேஜை மட்டும் குறைத்துக்கொடுக்கும், அவ்வளவுதான். அதோடு உள்ளே இருக்கிற விசிறியும் மெதுவாகத்தானே சுற்றும், மோட்டார் வெந்த நாற்றம் வர ஆரம்பித்ததும் கழற்றிப் போட்டேன். இப்போது அந்தப் பெட்டி சாலிடரிங் அயனுக்குச் சூடு குறைக்க உதவுகிறது.

சரி என்று 5 இஞ்ச்சில் வேகத் திருகு வைத்த கிரைண்டர் வாங்கிவிட்டேன். 2,800-லிருந்து 11,000 வரை. வாங்கும்போது ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: கான்ஸ்டன்ட் ஸ்பீட் இருக்கிறதா என்று. திருகு இருப்பதெல்லாம் அது இல்லை. அமுக்கினாலும் வேகம் விழாமல் மெஷினே கூடுதல் கரண்ட் எடுத்துக்கொள்வதுதான் அது, விலை வித்தியாசம் முழுக்க அதற்குத்தான்.

அதில் மாட்டினது ஸ்டிரிப் டிஸ்க், கறுப்பாகப் பீர்க்கங்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அது. பெயிண்டைத் தின்னும், தகரத்தைத் தின்னாது. நான் 4,000 பக்கம் வைத்து ஓட்டுகிறேன், விளிம்பு வேகம் 95 கிலோமீட்டர்தான். டிஸ்க்கைப் படுக்கப் போடாமல் கொஞ்சம் சாய்த்து, மெஷினின் கனம் மட்டும் விழுகிற மாதிரிப் பிடித்து, ஒரே இடத்தில் மூன்று வினாடிக்கு மேல் நிற்காமல் இழுத்துக்கொண்டே போக வேண்டும். நாலு இழுப்புக்கு ஒரு தடவை புறங்கையை வைத்துப் பார்ப்பேன், சுட்டால் கதவின் அடுத்த மூலைக்குப் போய்விடுவேன். மெரூன் வருகிற இடத்தில் வேகத்தை இன்னும் ஒரு புள்ளி குறைத்தால் அப்பாமல் தூளாக உதிர்கிறது. இதைக் கண்டுபிடிக்க மூன்று டிஸ்க் செலவு. மெதுவாக ஓட்டுவதால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை முழு வேகத்தில் சும்மா ஒரு நிமிஷம் சுற்றவிட்டு மோட்டாரை ஆற்றுகிறேன்.

டிஸ்க் கிடைப்பதுதான் பெரும்பாடு. டவுனில் ரத வீதிக் கடைகளில் ஏறி இறங்கினால் எல்லாம் 4 இஞ்ச், 16 மில்லிமீட்டர் ஓட்டை. என் மெஷினுக்கு 22 மில்லிமீட்டர் வேண்டும். ஒரு அண்ணாச்சி "வாஷர் போட்டு மாட்டிக்கிடுங்க" என்று சின்ன மெஷினுடையதை நீட்டினார், சின்ன ஓட்டைக்குள் பெரிய தண்டு எப்படி அண்ணாச்சி நுழையும் என்று கேட்டால் கோவித்துக்கொண்டார். கடைசியில் மதுரைக்குப் போன மச்சான் ஆறு வாங்கி வந்தான். எந்த டிஸ்க் வாங்கினாலும் அதில் அச்சடித்த ஆர்பிஎம் மெஷினின் உச்ச வேகத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், நாம் மெதுவாகத்தானே ஓட்டப்போகிறோம் என்று நினைக்காதீர்கள், திருகில் கை பட்டால் போச்சு.

மடிப்பு, கைப்பிடிக் குழிக்கெல்லாம் கம்பிக் கப், கிரைண்டரில் மாட்டுகிற கம்பி பிரஷ். அது ஒரு சனியன், கம்பி பிய்த்துக்கொண்டு பறந்து சாரத்தில் (லுங்கியில்) முள்ளாகக் குத்தி நின்றது, அன்றிலிருந்து ஜீன்ஸ்தான். கார் கூரையின் ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற சாக்கடைக்குப் பெயிண்ட் ரிமூவர் பூசி மேலே பாலிதீன் மூடினேன், மூடாவிட்டால் நம்ம ஊர் வெயிலில் வேலை செய்வதற்குள் காய்ந்துவிடும். மடிப்புக்குள் மிச்சம் நின்றால் பின்னால் புதுப் பெயிண்டைக் கிளப்பும் என்பதால் மூன்று தடவை கழுவினேன். மூக்குக்குத் துணி போதாது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு வந்ததே 2017 நவம்பரில்தான், 1986 கார் பெயிண்டில் என்னென்ன இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் மாட்டுகிற அரைமுக மாஸ்க் வாங்கிவிட்டேன்.

கடைசியில் டிஏ சாண்டரில் (சுற்றிக்கொண்டே ஆடித் தேய்க்கிற மெஷின்) 80 நம்பர் உப்புத்தாள் ஒரு ஓட்டம். காற்றில் ஓடுகிற டிஏ இரவல் வாங்கிப் பார்த்தேன், என் 2 எச்பி கம்ப்ரஸர் அரை நிமிஷத்தில் மூச்சு வாங்கியது. கரண்ட் டிஏதான் லாயக்கு.

இப்போது ஆடிக் காற்று. தென்காசிப் பக்கம் சாரல், பேட்டையில் நமக்குப் புழுதி மட்டும். கதவுக்கு அன்றைக்கே துருப் பிடிக்காமல் இருக்க எபாக்சி பிரைமர் அடிக்க நினைத்துத் தார்ப்பாய் கட்டினேன், தார்ப்பாயே பறந்தது. ராத்திரி ஒன்பதுக்குக் காற்று அடங்கினதும் டியூப்லைட் வெளிச்சத்தில் அடித்தேன், மூன்று கொசு உள்ளே சமாதி.

பின் மட்கார்டில் காந்தம் ஒட்டவில்லை, உள்ளே எத்தனை கிலோ பட்டியோ. அதைத் திறப்பதற்குள் கண்ணாடியைச் சுற்றிவருகிற ரப்பர் பீடிங்குக்கு, பழைய கார் சாமான் கிடைக்கிற சென்னைப் புதுப்பேட்டை போய் வந்துவிடலாம் என்று பார்க்கிறேன், அங்கே நல்ல போனட் ஒன்று கிடைத்தால் அலை விழுந்ததைப் பாயிடமே கொடுத்துவிடுவேன், அவருக்குக் கோழிக்கூண்டுக்கு மூடி வேண்டுமாம்.