பிச்சாவரத்தில் மரம் இல்லாத இடம்

உயிரியல் மாணவர்களின் களப்பயண அறிக்கைகளைத் திருத்துகிற எந்த ஆசிரியருக்கும் ஒருவிதச் சலிப்பு நன்கு பழகிப்போயிருக்கும். முதல் பக்கத்தில் சென்ற இடத்தின் பெயரும் பரப்பளவும், அடுத்த பக்கங்களில் கண்ட தாவரங்களின் இருசொல் அறிவியல் பெயர்கள், கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படம். ஊர் மாறினால் பட்டியல் மாறும், அறிக்கை மாறுவதில்லை. அதனால் எங்கள் இரண்டாம் ஆண்டு தாவரவியல் மாணவர்களைப் பிச்சாவரத்துக்கு அழைத்துச் செல்வதென்று முடிவானபோது, பட்டியல் எழுதக் கூடாது என்பதை நிபந்தனையாகவே வைத்தேன். நீர்க்கரையிலிருந்து உள்நோக்கி ஒரு கயிற்றைக் கட்ட வேண்டும். அந்தக் கோட்டின் வழியே நடக்கும்போது என்ன மாறுகிறது, ஏன் மாறுகிறது என்பதை மட்டும் எழுத வேண்டும். பாடநூலில் டிரான்செக்ட் என்று படித்ததுதான். ஆனால் அதைக் காலடியில் சேறு இழுக்கும் நிலத்தில் செய்து பார்ப்பது வேறு.

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்குக் கிழக்கே, வடக்கில் வெள்ளாற்றின் முகத்துவாரத்துக்கும் தெற்கில் கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கும் இடையில் விரிந்து கிடக்கிறது இந்த அலையாத்திக் காடு. 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பிறகு இதன் பெயர் மாணவர்களின் போட்டித்தேர்வுக் குறிப்பேடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. எனினும் உடன் வந்தவர்களில் பெரும்பாலோர் வேலமரமும் கள்ளியும் வளரும் வறண்ட நிலத்தை மட்டுமே அறிந்தவர்கள். நீரின்மைதான் தாவரங்களுக்கு நேரும் முதல் இடர் என்று இயல்பாகவே நம்பியிருந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் நீர் நிற்க, அந்த நீரைக் குடிக்க இயலாமல் ஒரு மரம் தவிக்கக்கூடும் என்பது அவர்களுக்குப் புதிய செய்தி.

வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி பெறுவது வழக்கமான வேலை. அதைவிட முக்கியமானது நேரம். வங்கக்கடலின் இந்தப் பகுதியில் நீர் ஏறி இறங்கும் அளவு ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும். ஆனால் தட்டையான சேற்று நிலத்தில் அந்தச் சிறு வேறுபாடே பெரும்பரப்பை மூடவும் திறக்கவும் போதுமானது. துடுப்புப் படகை ஓட்டிவந்த பெரியவர், "வத்தம் காலையிலேயே வந்துடும் சார், வெயில் ஏறுறதுக்குள்ள வேலைய முடிச்சுக்கச் சொல்லுங்க" என்று சொன்னதை அன்றைய திட்டமாகவே வைத்துக்கொண்டோம். வத்தம் என்று அவர் சொன்னது கடல்நீர் இறங்கி வற்றும் நேரத்தை.

கயிற்றின் முதல் முனை சுரபுன்னை மரங்களில் இருந்தது. கால்வாயின் ஓரத்தில் ஒரு குறுகிய வரிசையாக மட்டுமே அவை நிற்கின்றன. தண்டிலிருந்து வளைந்து இறங்கும் முட்டுவேர்கள் சேற்றைப் பற்றிக்கொண்டிருப்பதால், நீரோட்டம் மோதுகிற கரையில் நிற்க அவற்றால் முடிகிறது. இந்த வேர்கள் உப்பின் பெரும்பகுதியை உள்ளே விடாமலேயே வடிகட்டிவிடுகின்றன. விதை மரத்திலேயே முளைத்து, நீண்ட பச்சைத் தண்டாகக் கிளையில் தொங்குவதை மாணவர்கள் படங்களில் பார்த்திருந்தார்கள். உதிர்ந்த முளைகள் சில காலம் கிடையாக மிதந்து, பிறகு வேர்முனை கனத்து நிமிர்ந்து, ஆழம் குறைந்த இடத்தில் தரைதட்டுகின்றன என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோதே, படகின் அருகில் ஒன்று ஏறத்தாழ நிமிர்ந்த நிலையில் மிதந்து சென்றது. அதற்குப் பின் என் விளக்கத்தை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

சில அடிகள் உள்ளே போனதும் சுரபுன்னை நின்றுவிடுகிறது. வெண்கண்டல் தொடங்குகிறது. பிச்சாவரத்தில் மிகுதியாக இருப்பது இந்த மரம்தான், நாங்கள் அதிக நேரம் செலவிட்டதும் இதனடியில்தான். சேற்றிலிருந்து பென்சில் தடிமனில் ஆயிரக்கணக்கான சுவாச வேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஏன் மேலே வர வேண்டும் என்று கேட்டால் எல்லா மாணவரும் "ஆக்சிஜனுக்காக" என்று உடனே சொல்வார்கள். ஆனால் நீர் மூடியிருக்கும் நேரத்தில் அந்த வேர் என்ன செய்யும் என்று கேட்டால் அமைதிதான். நீர் ஏறும்போது வேருக்குள் இருக்கும் ஆக்சிஜன் செலவாகிறது. வெளியாகும் கார்பன் டைஆக்சைடு நீரில் எளிதில் கரைந்துவிடுகிறது. ஆகவே வேருக்குள் அழுத்தம் குறைகிறது. நீர் வற்றி, பட்டையிலுள்ள நுண்துளைகள் மீண்டும் வெளியே தெரிந்ததும் அந்த அழுத்தக் குறைவே காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இதயமும் நுரையீரலும் இல்லாத ஓர் உயிர், கடலின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே மூச்சு விடுகிறது என்று ஒரு மாணவி தன் குறிப்பேட்டில் எழுதியிருந்தாள். சற்று மிகையான வரிதான், ஆனாலும் திருத்தும்போது அதை நான் அடித்துவிடவில்லை.

சேற்றைக் குச்சியால் கிளறியதும் அழுகிய முட்டையின் நாற்றம் எழுந்தது. காற்றில்லாத மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் கடல்நீரின் சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. மண்ணின் கருமைக்கு இரும்புச் சல்பைடு காரணம். மூக்கைப் பொத்திக்கொண்டாலும், சுவாச வேர்கள் ஏன் வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடையாது. வெண்கண்டலின் இலையில் உப்புச் சுரப்பிகள் இருக்கின்றன. வெயில் ஏறியபின் இலையின் மேல் சிறு படிகங்கள் மினுங்கின. ஒருவன் விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்த்து, "உப்புதான் சார், சந்தேகமே இல்ல" என்றான். தில்லை மரத்தின் அருகில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாமென்று முன்பே எச்சரித்திருந்தேன். சிதம்பரத்துக்குப் பழம்பெயரைத் தந்த அந்த மரத்தின் பால் தோலில் கொப்புளம் எழுப்பும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

விலங்குகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், நாங்கள் அவற்றைத் தேடிப் போகவில்லை. ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டுகள் அதை ஆட்டிக்கொண்டு வளையின் வாயிலில் நின்றன. பெரிய கொடுக்கு உண்பதற்குப் பயன்படாததால், மறுபக்கத்துச் சிறிய கொடுக்கால் மட்டும் சேற்றை எடுத்து வாயில் வைத்து, உண்ணத்தக்கதைப் பிரித்துக்கொண்டு மீதியைச் சிறு உருண்டைகளாக உமிழ்ந்தன. இரண்டு கொடுக்காலும் உண்கிற பெண் நண்டுகளைக் காட்டியதும், யாருக்கு வயிறு சீக்கிரம் நிறையும் என்று ஒரு விவாதம் கிளம்பி நெடுநேரம் நீண்டது.

கோட்டின் மறுமுனைக்கு வந்தபோது மரங்களே இல்லை. உப்பைத் தாங்கும் உமரிச் செடிகள் அங்கங்கே படர்ந்திருந்தன. நடுவில் வெறும் மண், அதன்மேல் வெண்மையான படிவு. இது சுற்றுலாப் படகுகள் காட்டாத இடம். மாணவர்கள் பலரும் இங்கே எழுத ஒன்றுமில்லை என்று குறிப்பேட்டை மூடப் போனார்கள். என் கருத்தில் பயணத்தின் மையமே இதுதான். மண்ணில் குழி தோண்டி, ஊறிய நீரின் ஒரு துளியை, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். கடலுக்கு மிக நெருங்கிய கால்வாயில்தான் உப்பு அதிகம் இருக்குமென்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். கடலிலிருந்து மிகவும் விலகிய இந்த வெற்றிடத்தின் நீரோ கால்வாய் நீரை மட்டுமல்ல, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள சராசரிக் கடல்நீரையும் தாண்டியிருந்தது. கருவி பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் சொன்னார்கள். காய்ச்சி வடித்த நீரை வைத்துச் சுழியைச் சரிபார்த்துவிட்டு மறுபடியும் அளந்தார்கள், எண் மாறவில்லை.

காரணம் காட்டின் வரலாற்றில் இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் தொடங்கி 1970-கள் வரை இங்கே மரங்கள் பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டப்பட்டன. நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து சுருங்கி, தரை நடுவில் பள்ளமாகத் தாழ்ந்தது. கடல்நீர் மிக உயர ஏறும்போது உள்ளே வந்த நீர் திரும்பி வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. ஆண்டுதோறும் இது நடந்தபோது வெண்கண்டலின் நாற்றும் தாங்காத நிலம் உருவாயிற்று. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களுடன் சேர்ந்து இத்தகைய நிலங்களில் கால்வாய்களை வெட்டின. ஒரு முதன்மைக் கால்வாயும் அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளைகளுமாக, மேலிருந்து பார்த்தால் மீன் முள்ளின் வடிவம். நீர் வரவும் போகவும் வழி கிடைத்ததும் உப்பு குறைந்தது. கால்வாய்க் கரைகளில் நட்ட நாற்றுகள் பிழைத்தன. மரம் நடும் விழாக்களைப் பார்த்துப் பழகிய மாணவர்களுக்கு, இங்கே முதலில் சரிசெய்ய வேண்டியிருந்தது நீரின் போக்கு, நாற்று பிறகுதான் என்பது சட்டென்று பிடிபட்டது.

திரும்பும் வழியில் பேச்சு 2004 டிசம்பர் 26-இன் சுனாமிக்குப் போனது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று படகோட்டி சொன்னார். ஆய்வுகளும் அவ்வாறே எழுதின. ஆனால் கடலிலிருந்துள்ள தொலைவும் தரையின் உயரமும் அதில் எவ்வளவு பங்காற்றின என்ற மறுப்பும் அதே ஆய்வுலகில் எழுந்தது. இரண்டையும் சேர்த்தே அறிக்கையில் குறிப்பிடச் சொன்னேன். காட்டைக் காக்க மிகைப்படுத்திய காரணம் தேவையில்லை.

அறிக்கைகள் வந்துவிட்டன. அவற்றில் சிறந்தது ஒரு கேள்வியோடு முடிந்திருந்தது: வெற்றிடத்தின் உப்புக்கு மரம் வெட்டியது மட்டும் காரணமா, அல்லது காவிரியில் அணைகள் வந்தபின் கொள்ளிடத்தின் வழியே வரும் நன்னீர் குறைந்ததும் காரணமா? நாங்கள் சென்றது கோடையில், ஒரே முறை. அந்த அளவீட்டைக் கொண்டு இரண்டையும் பிரிக்க முடியாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், ஆற்று நீர் காட்டுக்குள் பரவியிருக்கும் நாட்களில், அதே கோட்டில் அதே குழிகளை அளந்தால்தான் ஏதேனும் சொல்லலாம். கயிறு தொடங்கிய மரத்தையும் முடிந்த இடத்தையும் ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்திருக்கிறோம். ஜனவரிக்கான அனுமதி விண்ணப்பத்தை அந்தக் கேள்வி கேட்ட மாணவனையே எழுதச் சொல்லியிருக்கிறேன்.